போர்வைக்குள் முடங்கலாமா?
பொல்பிட்டிய முதல் நுவரெலியா வரை ஒரு குளிர்காலப் பயணம்

இலங்கையின் மலைநாட்டுக் குளிரைப் பார்க்கப் போகிறவர்கள் நேராக நுவரெலியாவுக்கே போய்விடுவார்கள். வழியில் பொல்பிட்டிய என்று ஓர் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. சிங்களத்தில் ‘பொல்’ என்றால் தேங்காய். தென்னை வளரும் வெப்ப பூமி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூட உயரமில்லாத இந்த மலையடிவாரத்தில்தான் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கைகோத்துக் களனி கங்கையாகின்றன.

பொல்பிட்டியவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1969 முதல் இங்கே ஒரு நீர்மின் நிலையம் இயங்குகிறது. உயரத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு நோர்ட்டனில் சற்றே தேங்கி, 1950இல் தொடங்கப்பட்ட பழைய லக்ஷபான நிலையத்தைச் சுழற்றுகிறது. அங்கும் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பொல்பிட்டியவுக்கு வந்து மூன்றாம் முறையாக உழைக்கிறது. தேங்கி நிற்கும்போது அதனுள் சக்தி இருக்கிறது. ஆனால் வெளிச்சம் இல்லை. அசையும்போதுதான் வெளிச்சம் பிறக்கிறது. மனித உடலின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

ஏற ஏறக் குளிர்

பொல்பிட்டியவில் மெல்லிய சட்டையே போதும். லக்ஷபான வழியாக நோர்ட்டன்பிரிட்ஜை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது காற்று மாறுவது தெரிகிறது. ஆயிரம் அடி உயர்ந்தால் சுமார் இரண்டு பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேல். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். ஆக, பொல்பிட்டியவில் வியர்த்துக்கொண்டு ஏறுகிறவர், சில மணி நேரத்தில் பத்துப் பாகைக்கும் அதிகமான வெப்பத்தைப் பின்னால் விட்டுவிடுகிறார்.

மார்கழியிலிருந்து மாசி வரை இந்த வேறுபாடு இன்னும் கூடும். மேகமில்லாத இரவுகளில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. நுவரெலியாப் பள்ளங்களில் அதிகாலையில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் உண்டு.

குளிரில் நம் உடல் என்ன செய்கிறது? நெஞ்சையும் வயிற்றையும் சூடாக வைத்திருப்பதற்காகத் தோலில் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் கைகால் சில்லிடுகிறது; இரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. மூட்டுகள் இறுகினாற்போல் இருக்கின்றன. இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் வருகிறது. நடுக்கம் என்பது தசைகளை அசைத்துச் சூடு உண்டாக்க உடல் தானாகவே செய்துகொள்ளும் பயிற்சி!

நாமோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் சூட்டைக் காத்து வைக்கிறது, அவ்வளவுதான். சூட்டை உண்டாக்க வேண்டியது நம் கைகால்கள்.

கை நின்றால் குளிர்

நோர்ட்டன்பிரிட்ஜைச் சுற்றிய தேயிலை மலைகளில் காலையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. இடுப்பில் படங்கு, தலையில் துணி, முதுகில் கூடை. நிற்கவே கால் வழுக்கும் சரிவில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். பனியில் நனைந்த செடிகள் இடுப்புவரை நனைக்கின்றன.

பாதையோரமாக வந்த வயதான அம்மா ஒருவரிடம், “குளிரவில்லையா அம்மா?” என்று கேட்டோம்.

“குளிரத்தான் செய்யுது நானா. கை ஓடிக்கிட்டு இருந்தா தெரியாது, கை நின்னாத்தான் குளிரு. ஆனா ராத்திரி லயத்துல போய்ப் படுத்தா முழங்கால் தூங்க விடாது” என்றார்.

அவருடைய முதல் வாக்கியம் நமக்குப் பாடம். இரண்டாவது வாக்கியத்தை நாம் மறந்துவிடக் கூடாது. தோட்டத்துப் பெண்களைப் பார், எப்படி உழைக்கிறார்கள், நோயே வருவதில்லை என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. உடற்பயிற்சி என்பது நாம் விரும்பித் தொடங்கி, களைத்ததும் நிறுத்தக்கூடியது. கொழுந்து மலையில் அந்த விருப்பம் தொழிலாளியின் கையில் இல்லை. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல் பறித்தாக வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான். அவ்வளவு உழைத்துவிட்டுத் திரும்பும் இடம், ஈரச் சுவரும் புகையும் நிறைந்த லயத்துக் காம்பரா. அந்த உடலுக்குத் தேவை இன்னும் கொஞ்சம் நடை அல்ல. ஓய்வும், சத்தான உணவும், நனையாத உடையும், சூடான படுக்கையும்தான்.

உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் மீது அவர்களால் தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுத்து உதவுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மலைநாட்டில் நடை தேவைப்படுவோர் ஒரு பக்கம், ஓய்வு தேவைப்படுவோர் மறுபக்கம். இருவரும் ஒரே தேநீரைத்தான் குடிக்கிறார்கள்.

பாவா ஆதம் மலை

நோர்ட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் திரும்பினால், வானம் தெளிவாக உள்ள நாளில் கூம்பு போன்ற ஒரு சிகரம் கண்ணில் படும். பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், நம்மவர்கள் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கும் 7,359 அடி உயரச் சிகரம் அதுதான். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும் யாத்திரைக் காலம், வைகாசிப் பௌர்ணமி வரை நீடிக்கிறது. குளிர் மிகுந்த மாதங்களில்தான் இந்நாட்டு மக்கள் மிக அதிகமாக மலையேறுகிறார்கள் என்பது வியப்பான செய்தி!

நல்லதண்ணியிலிருந்து போகும் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சூரிய உதயத்தைப் பார்ப்பதற்காக நள்ளிரவிலேயே புறப்பட்டு, முதியவர்களும் குழந்தைகளும்கூட மெல்ல மெல்ல ஏறுகிறார்கள்.

1344ஆம் ஆண்டு இந்த மலையில் ஏறிய இப்னு பதூதா, தம் பயணக் குறிப்பில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அன்று பாபா பாதை, மாமா பாதை என இரண்டு வழிகள் இருந்தன. ஆதம் (அலை), ஹவ்வா (அலை) ஆகியோரின் பெயரால் வந்தவை அவை. மாமா பாதை எளிது. பாபா பாதை கடினம். செங்குத்தான பாறைகளில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். கடைசிச் சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம்! அட்டை கடித்தால் பிழிவதற்கு அவ்வூர் மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை.

இம்மலையில் ஏறுவது நம் மார்க்கக் கடமை அல்ல. ஆயினும் ஏறுகிறவர்களிடம் கற்க ஒன்று உண்டு. நன்றாக வியர்த்து உச்சிக்குப் போனவர், ஈர உடையோடு காற்றில் உட்கார்ந்தால் உடம்பு விறைத்துவிடும். அனுபவசாலிகள் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வார்கள். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, சூடு ஏறியதும் ஒன்றைக் கழற்றுவதே நல்லது. இது மலைக்கு மட்டுமல்ல, நம் தெருவில் நடப்பதற்கும் பொருந்தும்.

கடைத்தெருவில்

ஹட்டன் கடைத்தெருவில் நம் சமூகத்தவர் பலர் வியாபாரம் செய்கிறார்கள். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில்தான் எழுவது. குளிருக்கு இதமாகச் சீனி போட்ட பிளேன்டி பலமுறை. கூடவே வடையும் ரோல்ஸும். வீடு பக்கத்திலேயே இருந்தாலும் திரும்புவது முச்சக்கர வண்டியில். நாற்பதைத் தாண்டும்போது சீனி வியாதி, ஐம்பதில் பிரஷர், பிறகு நெஞ்சுவலி. எத்தனை குடும்பங்களில் இதே கதை!

மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தாரின் வீடுகள் பள்ளிவாசலுக்குத் தூரத்தில் இருந்தன. அருகில் குடிவர அவர்கள் விரும்பினார்கள். அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், பள்ளிக்கு வரும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை எழுதப்படுகிறது என்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதையும், பள்ளியை நோக்கி அதிகமாக அடியெடுத்து வைப்பதையும் பாவங்களை அழிக்கும் செயல்களாகவும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேட்டுத் தெருவில் இருக்கும் பள்ளிக்கு மூச்சு வாங்க நடக்கிறவருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

தொழுகை உடற்பயிற்சி அல்ல, அது வணக்கம். ஆனால் சுபுஹுக்காகக் குளிரை வென்று எழுந்தவருக்கு நாளின் மிகக் கடினமான வேலை முடிந்துவிட்டது. இனி, வெளிச்சம் வந்ததும் அரைமணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

வாவிக் கரையில்

நுவரெலியாவில் கிரகரி வாவியை 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்தார். அதன் கரை நடப்பதற்கு ஏற்ற சமதளம். மலைநாட்டில் எங்கும் மேடு பள்ளம். சமதளம் ஒரு நிஃமத் அல்லவா! எவ்வளவு நடக்க வேண்டும்? பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நாளுக்கு அரைமணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் முதல் கணக்கு முடிந்தது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது; அதுவே மிதமான வேகம்.

குளிர்காலத்துக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடேற்றுங்கள். மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடினால் உள்ளே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். இழுப்பு நோயாளிகளுக்கு இது அவசியம். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் விடியற்காலைக் குளிரில் மேடு ஏறாமல், வெயில் வந்த பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே

நம் பெண்களின் நிலை என்ன? வீட்டுவேலை ஓயாது என்றாலும், அதில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நின்று செய்வது. வெளியே நடக்கக் கூச்சம். நபியவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதலில் அன்னை வென்றார்கள். பிற்காலத்தில் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். அந்த உம்மத்தின் ஆண்கள், மாலையில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அஸருக்குப் பின் சிறிது தூரம் நடக்கக் கூச்சப்படுவது ஏன்? மழை நாளில் வீட்டுக்குள்ளேயே படியேறி இறங்கலாம். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து அமர்வதைப் பத்து முறை செய்யலாம்.

வயதான உம்மும்மாவையும் மூத்தவாப்பாவையும், குளிர்கிறது என்று நாள் முழுக்கக் கட்டிலில் விட்டுவைப்பது அன்பு அல்ல. படுத்தே கிடந்தால் தசை கரையும். தசை கரைந்தால் விழுவார்கள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது அதே வழிகாட்டி. சுவரைப் பிடித்து ஒரு காலில் சில விநாடி நிற்பதும், முற்றத்தில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பதும் அதில் சேரும். இன்னொன்று: கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிச்சட்டியை வைத்துத் தூங்காதீர்கள். அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை, உயிரைக் குடித்துவிடும்.

இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தில் மூழ்கியவருக்கே அந்த நினைவூட்டல் என்றால், கல்லாவில் மூழ்கியிருக்கும் நமக்கு?

இந்தக் குளிர்காலத்தில் இரண்டு காரியம் செய்வோம். நம் உடலை எழுப்பி நடக்க வைப்போம். நம் கோப்பையைத் தேநீரால் நிரப்பும் கைகளுக்கு ஒரு கம்பளி, ஒரு மழைச்சட்டை, ஒரு வேளை ஓய்வு கிடைக்க நம்மால் இயன்றதைச் செய்வோம். உடல் நலத்தோடு வணங்கவும், பிறர் சுமையை இறக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.