முதற்பெயர் அறியப்படவில்லை

2024 பிப்ரவரியின் கடைசி வாரம். வாடகைக்கு எடுத்திருந்த அறையின் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். சொற்கள் என்று எண்ணினால் பத்தோ பன்னிரண்டோ இருக்கும். வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற பெண்மணிதான் என் எண்ணைக் கொடுத்தாராம். மே மாதக் கடைசியில் மகனுக்கு மூன்று வயது நிறைந்துவிடும், அதன்பின் அந்தப் பெண்மணி வரமாட்டார், நீங்கள் பார்ப்பீர்களா என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, "மெடிக்கெய்ட் ஏற்றுக்கொள்வீர்களா?" என்றார்.

"விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் வந்துவிடும்" என்றேன்.

அந்த இரண்டு மாதம் எட்டு மாதமான கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் திட்டம் ஒன்று உண்டு. மூன்றாம் பிறந்தநாளில் அது நின்றுவிடும். அன்றிலிருந்து குழந்தை பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. பிறந்தநாள் பள்ளி நடக்கும் மாதத்தில் வந்தால் பெரிய சிக்கலில்லை. கோடை விடுமுறையின் வாசலில் வந்தால், சிறப்பு ஏற்பாடு ஏதும் இல்லாதவரையில், ஆகஸ்ட் கடைசிவரை பெரும்பாலும் யாரும் இல்லை. பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது அதன் வாழ்நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் என்னைப் போன்ற தனியார் சிகிச்சையாளர்கள் இருக்கிறோம், பணம் தர யாராவது இருந்தால்.

சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்று 2023 இறுதியில் முடிவு செய்தபோது உரிமத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அது ஏற்கெனவே கடந்து வந்த மலை. சென்னையில் படித்த இளநிலைப் பட்டத்தின்மேல் இங்கே முதுநிலை, அதற்குள் 400 மணிநேர நேரடிப் பயிற்சி (அதில் 25 மணிநேரம் வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது), பின் பிராக்சிஸ் என்னும் தேர்வில் 162 மதிப்பெண், அதன்பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் 36 வாரம், குறைந்தது 1,260 மணிநேரம் வேலை. இவ்வளவும் முடிந்தால் 1925இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் சான்றிதழ் கிடைக்கும். மாநில உரிமம் அதினும் வேறு. சான்றிதழ் கௌரவம், உரிமம் சட்டம். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு அல்லற்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆனாலும் இந்தப் பாதையில் ஒரு நியாயம் உண்டு. உனக்கு வேலை தெரியுமா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. திணறித் திணறியாவது அதற்கு விடை சொல்லிவிடலாம்.

மெடிக்கெய்ட் கேட்டது வேறு கேள்வி. நீ யார் என்று கேட்டது.

முதியோருக்கான மெடிக்கேரும் ஏழைகளுக்கான மெடிக்கெய்டும் ஒரே கையெழுத்தில் பிறந்தவை. 1965 ஜூலை 30 அன்று, மிசௌரியிலுள்ள ட்ரூமன் நூலகத்தில், முதிர்ந்த ட்ரூமன் பக்கத்தில் இருக்க, ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்டார். மெடிக்கேரை மத்திய அரசு நடத்துகிறது. மெடிக்கெய்டை அந்தந்த மாநிலம் நடத்துகிறது, செலவில் பாதிக்குக் குறையாமல் மத்திய அரசு தருகிறது. கடைசி மாநிலமான அரிசோனா சேர்வதற்கு 1982 ஆயிற்று. எனவே மெடிக்கெய்ட் என்பது ஒரு திட்டமல்ல. ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு ஒரு பொதுப்பெயர். ஒரு மாநிலத்தில் பதிவு செய்துகொண்டவருக்கு அடுத்த மாநிலத்தில் அதனால் பயனில்லை.

குழந்தைகளுக்கு இதில் ஒரு பெரிய கொடை உண்டு. 1967இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, 21 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவ நோக்கில் தேவையானது என்று தெரிந்த சிகிச்சையை மாநிலம் தந்தாகவேண்டும். பேச்சு சிகிச்சையும் அதில் அடக்கம். இந்த விதியின் பின்னணியில் ஓர் அறிக்கை இருக்கிறது. ராணுவத்துக்கு அழைக்கப்படக்கூடிய இளைஞர்களில் மூன்றில் ஒருவர் உடலாலோ கல்வியாலோ தகுதியற்றவர் என்று 1964 ஜனவரியில் வந்த அறிக்கை அது. சிறு வயதிலேயே கவனித்திருந்தால் இவர்கள் தேறியிருப்பார்கள் என்று அரசு உணர்ந்தது. குழந்தைக்குப் பேச்சு வரவேண்டும் என்ற அக்கறை போர்வீரர் கணக்கிலிருந்தும் வரலாம் என்பதை நான் கசப்போடு சொல்லவில்லை. எங்கிருந்து வந்தாலும் வந்தது நல்லதே.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். சிகிச்சை தருகிற ஒவ்வொருவருக்கும் நாடு முழுவதற்குமான பத்து இலக்க எண் ஒன்று உண்டு. என்னிடம் பழைய எண் இருந்தது. ஆனால் தொழிலை நிறுவனமாகப் பதிவு செய்ததால் நிறுவனத்துக்கு இன்னொன்று. வருமான வரித்துறையிடம் நிறுவனத்துக்குத் தனி எண். தொழிற்பிழை நேர்ந்தால் ஈடுகட்டக் காப்பீடு. அறையில் இருப்பவள் நான் ஒருத்திதான். அரசின் கண்ணில் இருவர். வேலை செய்கிறவள் ஒருத்தி, பணம் வாங்குகிற நிறுவனம் ஒன்று. இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, பின்னர் முதலாமவளை இரண்டாமதோடு இணைக்கவேண்டும்.

ஏமாற்றும் சாத்தியத்தைப் பொறுத்து விண்ணப்பதாரர்களை மூன்று படிகளில் வைக்கிறார்கள். 2010இன் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் வந்த ஏற்பாடு. பேச்சு சிகிச்சையாளர்கள் கீழ்ப்படி, அதாவது நல்லவர்கள். இயன்முறை சிகிச்சையாளர்கள் நடுப்படி. அவர்கள் இடத்தை நேரில் வந்து பார்ப்பார்கள். நல்லவர்களுக்கும் சில சோதனைகள் உண்டு. மத்தியத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறந்தோர் பதிவேட்டிலும் பார்ப்பார்கள். இதைப் படித்த இரவு நான் சிறிது சிரித்தேன். இந்தச் சோதனைகள் வீண் என்று சொல்லமாட்டேன். நடக்காத சிகிச்சைக்குப் பணம் கேட்டவர்களும், மாண்டவரின் எண்ணைக் கொண்டு பட்டியல் அனுப்பியவர்களும் இருந்ததால்தான் இவை வந்தன. நான் மாட்டிக்கொண்டது மரணத்தில் அல்ல, பெயரில்.

தமிழ்நாட்டில் எனக்கு ஒரே பெயர். அதற்குமுன் அப்பாவின் பெயரில் முதலெழுத்து. கடவுச்சீட்டு எடுத்தபோது குடும்பப்பெயர் என்ற கட்டத்தை, இல்லாததால், காலியாக விட்டேன். 2009இல் மாணவர் விசா அச்சாகி வந்தபோது என் பெயர் குடும்பப்பெயராக இடம்பெயர்ந்திருந்தது. முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்துகள். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம். சமூகப் பாதுகாப்பு அட்டை, வங்கி அட்டை, உரிமம், அந்தப் பத்து இலக்க எண் எல்லாம் அப்படியே வந்தன. முதலில் வேலை பார்த்த இடத்தின் வரவேற்பாளர் என்னை இரண்டு ஆண்டு 'மிஸ் ஃப்னூ' என்றே அழைத்தார். சொல்லின் தொடக்கத்தில் ஃப் என்பதும் ன் என்பதும் இணைந்து வருவது ஆங்கிலத்தின் இயல்பும் அல்ல, தமிழின் இயல்பும் அல்ல. தொழில்முறையில் எனக்கு அதன்மேல் ஓர் ஆர்வம்கூட இருந்தது.

2022இல் குடியுரிமை பெற்றபோது நீதிமன்றத்தின் வழியாகவே பெயரைச் சீராக்கிக்கொள்ள வாய்ப்பு வந்தது. என் பெயர் முதலில், அப்பாவின் பெயர் இறுதியில். உரிமம் மாறிற்று, அட்டைகள் மாறின. பத்து இலக்க எண்ணின் பதிவேட்டை மாற்ற மறந்தேன். மாறுதல் நேர்ந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. பிழை என்னுடையது, வேறெவரையும் நோக எனக்கு உரிமையில்லை. ஏப்ரலில் விண்ணப்பம் திரும்பி வந்தது. உரிமத்திலுள்ள பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் பொருந்தவில்லை.

பதிவேட்டைத் திருத்த ஒரே நாள்தான் ஆயிற்று. ஆனால் திரும்பிய விண்ணப்பம் மறுபடி போகும்போது வரிசையின் கடைசியில் நிற்கவேண்டுமாம். மே மாதம் இன்னொரு முறை வந்தது. இம்முறை நிறுவனத்தின் பெயர். மாநிலத்தில் பதிவு செய்தபோது பெயருக்கும் 'எல்.எல்.சி.'க்கும் நடுவே ஒரு காற்புள்ளி வைத்திருந்தேன். வரித்துறையின் கடிதத்தில் காற்புள்ளி இல்லை. இதழ்களில் எழுதுகிறவள் என்ற முறையில் காற்புள்ளிக்காக எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். இந்த ஒன்றை விசைப்பலகையில் அழித்தபோது ஒன்றும் தோன்றவில்லை.

இதற்கிடையில் அந்தத் தாய் இரண்டு முறை அழைத்திருந்தார். முதல்முறை விஷயத்தைச் சொன்னதும், "பேசியவரின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் எழுதிவைத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழைத்ததே இல்லை என்பார்கள் என்றார். பெருந்தொற்றுக் காலத்தில் யாரையும் நீக்கக்கூடாதென்றிருந்த விதி முடிந்து, 2023 ஏப்ரலிலிருந்து மாநிலங்கள் மெடிக்கெய்ட் பட்டியலை மறுபடி சலிக்கத் தொடங்கின. 2 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தகுதியிழந்ததாக யாரும் கண்டறியவில்லை. படிவம் வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போயிற்று என்பது போன்ற காரணங்கள். அவருடைய மகனும் அப்படி நீக்கப்பட்டு, ஏழு வாரம் போராடி மீண்டவன். அந்த நோட்டுப்புத்தகம் அப்போது கற்றது. கிடங்கில் இரவுப் பணி பார்த்துவிட்டு, காலையில் தூங்காமல் காத்திருப்பு இசையைக் கேட்டவர் எனக்குப் பாடம் சொன்னார். நான் அன்று மாலையே நோட்டு வாங்கினேன்.

இரண்டாம் முறை அழைத்தது மகனின் பிறந்தநாளுக்கு மறுநாள். "கையிலிருந்து கொடுத்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு?" என்றார். சொன்னேன். மௌனமாக இருந்தார். பிறகு, கொஞ்சம் நாள் பார்க்கலாம் என்றார்.

நான் தொகையைக் குறைத்திருக்கலாம். இலவசமாகவே பார்த்திருக்கலாம். இதே தொழிலில் இருபது ஆண்டு மூத்தவரான தோழி ஒருவரிடம் அன்றிரவு பேசினேன். காப்பீடு எதையும் தொடாமல் ரொக்கத்துக்கு மட்டும் நடத்துகிறவர். "அந்தப் பக்கமே போகாதேடி" என்றார் அக்கா. "முக்கால் மணி பார்த்தாலும் அதே பணம், அரை மணி பார்த்தாலும் அதே பணம். அவங்க கொடுக்கறதுதான் முழுக் கட்டணம், மேலே பத்து காசு கேட்கக்கூடாது. நீ வாடகை கட்டணுமா வேண்டாமா?" அவர் சொன்னதில் பொய்யில்லை. என் மாநிலத்தில் மெடிக்கெய்ட் தரும் தொகை நான் மற்றவர்களிடம் வாங்குவதில் பாதியைத் தொடாது. அந்தத் தொகையை முழுக் கட்டணமாக ஏற்றாகவேண்டும் என்பதும் மத்திய விதி. ஆனால் இந்நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் நால்வர் அந்த அட்டையோடு இருக்கிறார்கள். அவர்களை விலக்கிவிட்டுக் குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையம் என்று பலகை வைப்பது எனக்குக் கூசியது. கூசியதே தவிர, அந்தக் கோடையில் அவ்வேளையை ரொக்கம் தந்தவர்களுக்குத்தான் கொடுத்தேன். அவருக்கு மின்னஞ்சலில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். பழச்சாறு வேண்டுமா பால் வேண்டுமா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள், கேட்டபின் உடனே கொடுத்துவிடாமல் ஐந்து நொடி காத்திருங்கள், அவன் சொல்வான். காத்திருப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கருவி. அதை நான் அவருக்கு எழுதினேன்.

ஜூலை இரண்டாம் வாரம் அனுமதி வந்தது. கொண்டாட ஒன்றுமில்லை. என் மாநிலத்தில் பெரும்பாலான குழந்தைகளின் மெடிக்கெய்டை, அரசு ஒப்பந்தம் செய்துள்ள தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. மாநிலத்தின் பட்டியலில் இல்லாதவர் அந்த நிறுவனங்களின் பட்டியலில் இருக்கமுடியாது. மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் அதனாலேயே அந்த நிறுவனங்களின் பட்டியலில் இருப்பதாகவும் ஆகாது. அவனுடைய அட்டை எந்த நிறுவனத்துடையதோ அதனோடு தனி ஒப்பந்தம் வேண்டும். மறுபடி உரிமம், மறுபடி காப்பீடு, மறுபடி என் பெயர். இம்முறை எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ஒப்பந்தம் கைக்கு வந்தது.

அதற்குள் அவன் பள்ளியில் சேர்ந்திருந்தான். நான்கு குழந்தைகளோடு சேர்த்து வாரம் இருமுறை இருபது நிமிடம். அவர் அழைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக அழைக்கத் துணிவு வர இரண்டு நாளாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பணி முடிந்த சீருடையோடு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வயது நான்கு மாதம். சுவரின் வண்ணத்தை இருவரும் பார்த்தார்கள். அவன் நேரே பொம்மை லாரியிடம் போனான்.

நான் உட்காரச் சொல்லிவிட்டு அட்டையை வாங்கினேன். மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் மரபில் தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்து இரண்டு குடும்பப்பெயர்கள். கடிதத்தில் இரண்டும் இருந்தன. அட்டையில் ஒன்றுதான் இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, மருத்துவரின் அலுவலக எண் எழுதிய பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். மேசைக்கடியில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியை எடுத்தேன்.