46 சென்டிமீட்டர் பஸ்ஸுக்கு ஓர் அடிப்பூச்சு

கேரளத்தில் மே 31 ஓய்வுபெறுவோரின் நாள். பிறந்த தேதி சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவது அந்தக் கால வாத்தியார்களின் வழக்கம். அதன் பலனாக ஆண்டுதோறும் அந்த ஒரே நாளில் ஏராளமானோர் மாலையும் கழுத்துமாக வீடு திரும்புகிறார்கள். மூணாறு டிப்போவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழரின் முறையும் அப்படி ஒரு மே 31-ல்தான் வந்தது. அவருக்குத் தெரியாமல் அவருடைய மகன் நான்கு மாதமாக ஒரு பஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

24-ல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் சுமார் 11 மீட்டர் நீளமுள்ள வண்டி, மேஜைமேல் 46 சென்டிமீட்டர். மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு அப்பா ஓட்டிய அதே சிவப்பு மஞ்சள் பஸ். உடம்பு முழுக்க பி.வி.சி. நுரைத்தகடு, கடைகளில் ஃபோரெக்ஸ் ஷீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். கேரளத்தில் சின்ன பஸ், சின்ன லாரி கட்டும் இளைஞர்கள் பலருக்கும் இதுதான் தேக்கு, இதுதான் தகரம். பிளேடால் வெட்டலாம், சூடு காட்டி வளைக்கலாம். ரிவெட் தலைகளை வெள்ளைப் பசையில் குண்டூசி முனையைத் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார் மகன். ஒரு பக்கத்துக்கே இரண்டு இரவு பிடித்ததாம்.

எல்லாம் சரியாக வந்தது, பெயின்ட் அடிக்கும் நாள் வரை.

மே முதல் வாரத்தில், அப்பா டூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சமையலறை ஓரத்தில் கதவுத் துண்டு ஒன்றுக்கு மட்டும் ஸ்ப்ரே கேனைத் திருப்பினார். "அடுப்புகிட்ட வெச்சு இந்தக் கருமத்தை அடிக்காதடா" என்று அம்மா அலறியதில் முழு நியாயம் உண்டு. தின்னர் ஆவிக்குத் தீப்பொறி ஒன்று போதும். வாசலுக்கு ஓடி மிச்சத்தை அடித்தார். பத்து நிமிடத்தில் கதவின் விளிம்பு மெழுகுபோல் குழைந்து சுருங்கியது. பளபளப்பு வேண்டும் என்ற ஆசையில் ஒரே மூச்சில் ஈரம் சொட்ட அடித்ததால், பெயின்டில் இருந்த தின்னர் உலர்வதற்குள் நுரைத்தகட்டைத் தின்றுவிட்டது.

அடியில் ஏதாவது பூச வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நாம் அடிக்கிற ரெட் ஆக்ஸைடை முயன்றார். அது நல்ல ப்ரைமர்தான், ஆனால் இரும்புக்கு. பிரஷ்ஷால் இழுத்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது கனம் நிற்கும். 24 மடங்கு சிறிய வண்டியில் அது நிஜ பஸ்மேல் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் பூச்சு. இரண்டு இரவு வைத்த ரிவெட்டுகள் சேற்றில் புதைந்த கூழாங்கல்போல் மறைந்தன. சிற்றளவு மாதிரி செய்பவனுக்கு ப்ரைமர் மூன்று வேலை செய்ய வேண்டும்: மேல் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பட்டி வைத்த இடமும் வைக்காத இடமும் ஒரே நிறமாகத் தெரியச் செய்ய வேண்டும், அதோடு நுணுக்கம் எதையும் விழுங்காமல் இருக்க வேண்டும். ரெட் ஆக்ஸைட் தோற்றது மூன்றாவதில்.

இதற்கென்றே ஜப்பானின் ஜி.எஸ்.ஐ. கிரியோஸ் நிறுவனம் 'மிஸ்டர் சர்ஃபேஸர்' என்று ஒரு வரிசை விற்கிறது. 500, 1000, 1200, 1500 என எண் கூடக்கூட, உப்புத்தாளைப்போல, பூச்சு மென்மையாகும். கீறலை மூட 500, கடைசிப் பூச்சுக்கு 1500. விலையைக் கேட்டுவிட்டு மகன் கார் பட்டறைகளில் புழங்கும் சாம்பல் நிற சர்ஃபேஸருக்கே வந்து சேர்ந்தார். அதையே மெல்லியதாக, தூவல் தூவலாக அடித்தார். தகடு கரையவில்லை, ரிவெட்டும் மறையவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் மூணாறில் மழை.

1,500 மீட்டருக்கு மேலே உள்ள ஊர். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். ஈரக் காற்று அதன்மேல் பனித்துளியாகப் படியும். பூச்சு பால் படர்ந்தாற்போல் வெளுத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் இரண்டு வண்ணத்தைப் பிரிக்க டேப் ஒட்டிவிட்டு உரித்தபோது சாம்பல் தோலும் கூடவே வந்துவிட்டது. மே 31-க்கு இன்னும் 12 நாள்.

பஸ்ஸைத் துண்டு துண்டாகக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, அப்பா லீவில் இருந்த நாளாகப் பார்த்து, அப்பாவின் வழித்தடத்திலேயே ஏறினார். மறையூர் தாண்டியதுமே மழை நின்றுவிடுகிறது. சின்னாறு மழை மறைவுப் பிரதேசம், முள்ளும் கள்ளியும்தான். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு. உடுமலை, பொள்ளாச்சி, பிறகு கோபாலபுரத்தில் மறுபடி கேரளம். சற்றுத் தள்ளி, கேரளம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பாத வறண்ட பூமியில், கொழிஞ்சாம்பாறை. தாய்மாமா அங்கே டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

இங்கே மழைத் தொல்லை இல்லை என்ற குஷியில் மகன் நடுமதியத்தில் கேனைக் கையிலெடுத்தார். அரை மணி கழித்துத் தடவிப் பார்த்தால் பூச்சு உப்புத்தாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் வெயிலிலும் துளிகள் தகட்டைத் தொடும் முன்பே உலர்ந்து தூளாக விழுந்திருந்தன. மாமா சிரித்தார். "மாப்ள, காலைல காத்து எழும்பறதுக்குள்ள அடிச்சரோணும். தள்ளி நின்னா தூளு, ஒட்டி நின்னா ஒழுக்கு. ஒரு சாண்தான் கணக்கு."

நிறத்திலும் மாமாவுக்குக் கறாரான கருத்து உண்டு. 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ் ஓர் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலா பஸ்களுக்கு வெள்ளை நிறம் கட்டாயமாக்கப்பட்டது. படமும் மின்னலுமாக வரைந்து பிழைத்த பட்டறைகள் வெள்ளை அடிக்கத் தொடங்கின. "வெள்ளைக்குக் கீழ என்ன இருந்தாலும் மேல தெரியும். மஞ்சளும் அதே சாதி" என்கிறார் மாமா. சாம்பலின் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை கலந்து அழுக்காகத் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் ஏறாது, கனம்தான் ஏறும். சிவப்புக்குச் சாம்பல் பரவாயில்லை, கொஞ்சம் ஆழம் கூடும். ஆகவே முழு வண்டிக்கும் சாம்பல் சர்ஃபேஸர், அதை ஈரத்தில் 1000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மஞ்சள் வரும் இடங்களுக்கு மட்டும் வெள்ளை ப்ரைமர். முதலில் மஞ்சள், அது நன்றாகக் காய்ந்த பின் டேப், கடைசியில் சிவப்பு. மூன்று காலைகள். டேப்போடு எதுவும் வரவில்லை.

(மகனின் அடுத்த கனவு 1908 முதல் 1924 வெள்ளம் வரை மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குண்டளை ரயில். என்ஜினைப் பித்தளையில் செய்யப்போகிறாராம். பித்தளைக்கு இந்த ப்ரைமரெல்லாம் ஒட்டாது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் ப்ரைமர் வேண்டும் என்று மாமா இப்போதே பயமுறுத்தி வைத்திருக்கிறார்.)

மே 31 இரவு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்பா மேஜையருகே உட்கார்ந்தார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. முன்கண்ணாடி, டிரைவர் கதவு, ஏணி எல்லாவற்றையும் விரலால் தொடாமல் பார்த்தார். பிறகு இடதுபக்கப் பின்மூலையைக் காட்டினார்.

"இது ரொம்பப் புதுசா இருக்கேப்பா. இந்த இடத்துல, மறையூருக்கு மேல மரம் ஒண்ணு உரசினது. கடைசிவரை அதுக்குச் சிவப்பே அடிக்கல."

மகன் உள்ளே போய் உப்புத்தாள் துண்டு ஒன்றை நனைத்து எடுத்துவந்தார். அப்பா இடத்தைக் காட்டக் காட்ட, சிவப்பு கரைந்து சாம்பல் எட்டிப் பார்க்கும் வரை தேய்த்தார்.