எண்ணூற்று இருபது கிலோமீட்டர்

கனடாவின் வடக்கில் உள்ள நூனவுட் ஆட்சிப்பகுதிக்குத் தலைநகர் இக்காலுயிட். அங்கிருந்து கிழக்கே டேவிஸ் நீரிணையைத் தாண்டினால் கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 820 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டாஷ்-8 விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். கணக்கு சரிதான், பயணத்தைப் பற்றித்தான் அது எதுவும் சொல்வதில்லை. நேரடிச் சேவை இல்லாத காலங்களில் இக்காலுயிட்டுக்காரர் தெற்கே ஒட்டாவாவுக்கு 2,090 கிலோமீட்டர், அட்லாண்டிக்கைக் கடந்து கோபன்ஹேகனுக்கு 5,900 கிலோமீட்டர், திரும்பவும் மேற்கே நூக்குக்கு 3,500 கிலோமீட்டர் என்று சுற்ற வேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 11,500, அதாவது நேர்வழியைப்போல் பதினான்கு மடங்கு. ஐஸ்லாந்து வழி இதைவிடக் குறைவு. அப்போதும் பக்கத்து ஊருக்குப் போக அட்லாண்டிக்கின் நடுப்பகுதி வரை போய்த் திரும்பத்தான் வேண்டும்.

பனியும் பாறையுமே இதற்குக் காரணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இக்காலுயிட் ஓடுபாதையை 1942இல் போட்டது அமெரிக்கப் படை. கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் தளமும் அதே போரில் பிறந்ததுதான். போர் முடிந்தபின் ஒன்றின் வழிகள் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவையும் மற்றதன் வழிகள் கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனையும் நோக்கி வளர்ந்தன. ஆட்சி எங்கே இருந்ததோ அங்கே விமானம் போனது. நூக்கின் பழைய ஓடுபாதை ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாததால், கோபன்ஹேகனிலிருந்து வரும் பெரிய விமானம் காங்கர்லுசுவாக்கில்தான் இறங்கும். 2024 நவம்பர் 28 அன்று 2,200 மீட்டர் நீளப் பாதை திறந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் டாஷ்-8 பழைய குட்டைப் பாதையிலேயே இறங்கிக்கொண்டிருந்த விமானம். ஆகவே இக்காலுயிட்டுக்கும் நூக்குக்கும் நடுவே தடையாக நின்றது ஓடுபாதையின் நீளம் அல்ல.

ஆள் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நூக்கில் சுமார் 20,000 பேர், இக்காலுயிட்டில் 7,500 பேருக்குள். 2012இல் தொடங்கிய நேரடிச் சேவை சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 2024 கோடையில்தான் வாரம் ஒருமுறை என்று திரும்ப வந்தது. ஆனால் வாரம் ஒரே விமானம் என்றால், இரண்டு நாள் வேலைக்குப் போகிறவர் ஏழு நாள் தங்க வேண்டும். விடுதிச் செலவு பயணச்சீட்டோடு சேர்ந்துகொள்ளும். மூடுபனியால் ஒரு விமானம் ரத்தானால் இன்னும் நாள்கள் கூடும். அப்படிப்பட்ட சேவையில் கூட்டம் சேரவில்லை என்பதை வைத்து, போக விரும்புகிறவர்களே இல்லை என்று எப்படி முடிவுகட்டுவது? இரு கரையிலும் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். ஒரே குடும்பத்து மொழிகளைப் பேசுகிறவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிட்லார்சுவாக் என்ற தலைவர் பாஃபின் தீவிலிருந்து தம் கூட்டத்தை நாய்வண்டிகளில் வடமேற்குக் கிரீன்லாந்துக்கு அழைத்துப் போனார். அந்த உறவு இன்றும் பேசப்படுகிறது. வாரத்துக்கு இரண்டு விமானம், குளிர்காலத்திலும் விட்டால் போதும்: செவ்வாய்க்கிழமை போனவர் வெள்ளிக்கிழமை வீடு திரும்பலாம்.