சிங்கப்பூருக்கு குடும்பத்தோடு போறீங்களா? ஹோட்டல் புக் பண்ணும் முன் இதைப் படிங்க!

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் ரூம்லயே இருந்துக்கிறேன்."

சிங்கப்பூர் போன மூன்றாவது நாள் காலையில் அப்பத்தா இப்படிச் சொன்னபோது, நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'களைப்பா இருக்கும்' என்று நினைத்துக் கிளம்பிவிட்டோம். இரவு திரும்பி வந்து பார்த்தால், காலையில் வாங்கி வைத்துவிட்டுப் போன இட்லியில் பாதி அப்படியே இருந்தது. டி.வி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. "பொழுது சாஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

71 வயதில் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர். அவரை ஜன்னல் இல்லாத அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது நான்தான். ஹோட்டல் புக் பண்ணியது நான்.

அப்பா, அம்மா, அப்பத்தா, அக்கா, அக்காவின் 4 வயது பையன், நான் என மொத்தம் ஆறு பேர். 'விலை குறைவிலிருந்து அதிகம்' என்று வரிசைப்படுத்தி, போட்டோ நன்றாக இருந்த ஒரு ஹோட்டலைத் தட்டிவிட்டேன். லிட்டில் இந்தியாவுக்கு அருகில் என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, அது ஒரு பழைய கடைவீட்டை ஹோட்டலாக மாற்றிய கட்டடம். லிஃப்ட் இல்லை. எங்களுக்குக் கொடுத்தது மூன்றாவது மாடி. எம்.ஆர்.டி ரயில் நிலையத்துக்கு வெயிலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மூட்டு வலிக்காரரான அப்பத்தா முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். மூன்றாவது நாள் முடியவில்லை. எங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது: குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, அவருக்காகத்தான் ஹோட்டல் பார்க்க வேண்டும். அது அப்பத்தாவாக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், கர்ப்பிணியாக இருக்கலாம். அவருக்கு வசதியான இடம் மற்ற எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கும். சிங்கப்பூரை வைத்தே இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ரயில் மேப், பிறகு ஹோட்டல்

ஹோட்டல் ஆப்பைத் திறக்கும் முன் எம்.ஆர்.டி மேப்பைத் திறங்கள். நீங்கள் போக வேண்டிய இடங்கள் எந்த லைனில் வருகின்றன என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு லைன்கள் சந்திக்கின்றன. நார்த் ஈஸ்ட் லைனில் ஏறினால் கடைசி நிலையமான ஹார்பர்ஃப்ரன்ட் வரை போகலாம். அங்கே விவோசிட்டி மாலில் இருந்துதான் செந்தோசா தீவுக்கு ரயில் கிளம்புகிறது. டவுன்டவுன் லைனில் ஏறினால் நான்காவது நிலையம் பேஃப்ரன்ட். மெரினா பே, கார்டன்ஸ் பை த பே எல்லாம் அங்கேதான். இதே இரண்டு லைன்களும் சைனாடவுன் நிலையத்திலும் சந்திக்கின்றன. 1827-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆக, இந்த இரண்டு நிலையங்களில் ஒன்றின் பக்கத்தில் தங்கினால், முக்கியமான இடங்களுக்கு லைன் மாறாமலேயே போய் வரலாம். நிலையங்களில் லிஃப்டும் உண்டு.

சாப்பாடும் கோயிலும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் லிட்டில் இந்தியா. சிங்கப்பூர்த் தமிழர்கள் 'தேக்கா' என்று சொல்வது இந்த இடத்தைத்தான். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், 1947-ல் இருந்து நடக்கும் கோமள விலாஸ் என்று எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு விஷயம்: ஞாயிற்றுக்கிழமை மாலையில், வார விடுமுறைக்கு வரும் நம்மூர்த் தொழிலாளர்களால் தெருக்கள் நிரம்பி வழியும். நமக்கு அது திருவிழா போல இருக்கும். தூக்கத்துக்கு அமைதி வேண்டும் என்பவர்கள் பிரதான சாலையை விட்டு ஒரு தெரு தள்ளி ஹோட்டல் பாருங்கள்.

'அருகில்' என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். ஹோட்டலில் இருந்து ரயில் நிலைய வாசல் வரை எத்தனை நிமிட நடை என்று மேப்பில் போட்டுப் பாருங்கள். அது காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கினால், அதுதான் அப்பத்தா நடக்கும் நேரம்.

'டாக்ஸியில் போய்க்கொள்ளலாமே' என்று தோன்றும். சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம். அதற்கு மேல் என்றால் பெரிய வண்டி அல்லது இரண்டு வண்டி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆப்பில் புக் பண்ணி வரும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை.

அறையில் என்ன பார்க்க வேண்டும்?

லிஃப்ட்: பட்டியலில் 'லிஃப்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால் ஹோட்டலுக்கு மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள். கடைவீட்டு ஹோட்டல்களில் இதை அவசியம் கேட்க வேண்டும்.

ஜன்னல்: சிங்கப்பூர் பட்ஜெட் ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறைகள் சகஜம். அறையின் பெயரிலேயே அதைப் போட்டிருப்பார்கள். விலையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியவில்லை!

ஆட்கள் எண்ணிக்கை: குழந்தையின் வயதோடு சரியான எண்ணிக்கையைப் போட்டுத் தேடுங்கள். நம்மூர் லாட்ஜ் மாதிரி 'கீழே ஒரு பாய் விரிச்சுக்கிறோம்' என்பது அங்கே நடக்காது. இரண்டு அறை எடுத்தால் 'கனெக்டிங் ரூம்' என்று கேளுங்கள். உள்ளேயே ஒரு கதவு இருக்கும். பக்கத்துப் பக்கத்து அறை என்பது வேறு. எதையும் கேட்காவிட்டால் வேறு வேறு மாடியில்கூடக் கொடுத்துவிடுவார்கள்.

பாத்ரூம்: டாய்லெட்டில் கைப்பிடி ஷவர் எல்லா ஹோட்டல்களிலும் இருக்காது. வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். போட்டோவை பெரிதாக்கிப் பாருங்கள். குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, 'படிக்கட்டு', 'ஜன்னல்', 'சத்தம்' என்ற வார்த்தைகளைத் தேடிப் படியுங்கள். குடும்பத்தோடு போனவர்கள் எழுதியதற்கு முதலிடம் கொடுங்கள்.

காலையில் இறங்கி மூன்று மணி வரை...

நம் பக்கத்தில் இருந்து போகும் பல விமானங்கள் காலையில் சாங்கியில் இறங்குகின்றன. ஹோட்டல் அறை கிடைப்பதோ பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்கு. எங்கள் பையன் ரிசப்ஷன் சோபாவில் தூங்க, அப்பத்தா உட்கார்ந்த வாக்கில் காலை நீட்ட இடமில்லாமல் தவித்தார். முன்கூட்டியே அறை கிடைக்குமா, அதற்கு எவ்வளவு கூடுதல் என்று புக் பண்ணும்போதே கேளுங்கள். வயதானவர்கள் இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து ஓர் அறையாவது எடுப்பது நல்லது. இரவு போக மாட்டோம், காலையில்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

விலையில் இரண்டு பிளஸ்

விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால், 10 சதவிகித சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவிகித ஜி.எஸ்.டியும் தனி என்று அர்த்தம். 200 டாலர் அறை 239.80 டாலர் ஆகிவிடும். கடைசித் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

'வீடு எடுத்துத் தங்கினால் சமைத்துக்கொள்ளலாமே' என்று சிலர் யோசிப்பார்கள். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட சட்டம் அனுமதிப்பதில்லை. அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் குறைந்தது ஆறு மாதம். சமையலறை வேண்டும் என்றால், ஹோட்டல் உரிமம் உள்ள சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டாகப் பார்த்து எடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்றாவது நாள் இரவே, மீதி இருந்த இரண்டு இரவுக்கான பணம் போனால் போகட்டும் என்று, ரயில் நிலையத்துக்கு எதிரே லிஃப்ட் உள்ள ஒரு ஹோட்டலுக்கு மாறினோம். குறைந்த விலை என்று நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போனது, மேற்கொண்டும் செலவானது. மறுநாள் மாலை அப்பத்தா எங்களோடு பேஃப்ரன்ட் வந்து, மெரினா பே தண்ணீரில் விளக்கு வெளிச்சம் விழுவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நேத்தும் இது இப்படித்தான் எரிஞ்சுச்சா?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் கோலாலம்பூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. இந்த முறை போனை நான் தனியாக வைத்துக்கொண்டு தேடவில்லை. அப்பத்தா பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஹோட்டலைக் காட்டும்போதும் அவர் கேட்பது இரண்டே கேள்விகள்தான்.

"லிஃப்ட் இருக்கா? ஜன்னல் இருக்கா?"