224இல் தொடங்கும் எழுத்துகள்

திங்கள்

செலாயாங்கிலிருந்து பத்துமலை நிலையத்துக்குப் பஸ், அங்கிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயில். கணினியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தப் பக்கங்களில் அவர் ‘அவள்’தான். இந்தச் செமஸ்டரில் மறைகுறியியல் பாடம்.

உருமாற்றி எழுதுவதெல்லாம் மறைத்து எழுதுவதாகிவிடுமா என்று விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே கேட்டார். அவளுக்கு எழுத்துகளை எண்ணாக்கும் கடபயாதி முறை நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் பிரிக்ஃபீல்ட்ஸில் கர்நாடக இசை கற்றவள். மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் அதன் வரிசை எண் வந்துவிடும். மேசகல்யாணியில் ‘மே’ 5, ‘ச’ 6. 56ஐத் திருப்பினால் 65. பார்ப்பதற்கு ரகசியம்போல இருக்கிறது, ஆனால் விதி தெரிந்த எவரும் படித்துவிடலாம். சாவி என்று ஒன்று அதில் இல்லை. அது குறியீடு, மறையீடு அல்ல. நெதர்லாந்தில் பிறந்த மறைகுறியியலாளர் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் வகுத்த விதியும் இதையொட்டியதே: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, சாவி மட்டும் சிக்கக் கூடாது.

புதன்

ஆய்வுக்கூடம். ஒரு வரியை எக்ஸார் முறையில் (செய்தியையும் சாவியையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) மூடிப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ள வேண்டும். அங்கே இருப்பவர் அதை உடைக்க வேண்டும். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் எழுத, இவள் மட்டும் தமிழில் தட்டினாள்: செலாயாங் சந்தையில் தக்காளி விலை ஏறிவிட்டது. சாவி, கிள்ளானின் ரோமன் எழுத்துக்கூட்டல்: கே, எல், ஏ, என், ஜி. பக்கத்தில் இருந்தவன் கெப்போங்கிலிருந்து வரும் சீனப் பையன், தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவன். அவனுக்கு இது இரட்டைப் பூட்டு என்பது அவள் கணக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பையன் சாவியைச் சொல்லிவிட்டான்.

நடந்தது இதுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கூறு ஒவ்வொன்றும் மூன்று பைட். கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் ‘செலாயாங்’ கணினிக்கு எட்டுக் கூறு, 24 பைட்: ச, கொம்பு, ல, கால், ய, கால், ங, புள்ளி. ஒவ்வொரு கூறின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எழுத்துக்கு எழுத்து உண்மையில் மாறுவது மூன்றாவதில்தான். எக்ஸாருக்கு ஒரு குணம் உண்டு: மூலமும் மறைவடிவமும் கையில் இருந்தால் இரண்டையும் மறுபடி எக்ஸார் செய்ய, சாவி வந்து விழும். மறைத்த செய்தியின் முதல் பைட் 139. அதை 224உடன் எக்ஸார் செய்தால் 107, அதாவது சின்ன ‘கே’.

சாவியின் நீளத்தை எப்படிக் கண்டான்? முதல் பைட்டும் பதினாறாவது பைட்டும் ஒரே 139. நான்காவதும் பத்தொன்பதாவதும் ஒரே 142. பதினைந்துக்கு ஒருமுறை திரும்புகிறது. தமிழின் தாவல் மூன்று. எனவே சாவி ஐந்து. மூன்றுக்கும் ஐந்துக்கும் பொது வகுஎண் கிடையாது என்பதால், 224கள் சாவியின் ஓர் இடத்தையும் விடாமல் மிதித்துக்கொண்டே போகின்றன. ஐந்தே கூறுகளில் கே, என், எல், ஜி, ஏ என்று வரிசை கலைந்து வந்தாலும் ஐந்தும் வந்துவிட்டன. செய்தியின் பொருள் அவனுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆங்கிலப் பாடநூல்களின் தொடக்க அத்தியாயங்கள் ‘ஈ’ எழுத்து அடிக்கடி வருவதைப் பிடித்துக்கொண்டு உடைக்கக் கற்றுத்தருகின்றன. தமிழை உடைக்க அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. சாவி மூன்றின் மடங்காக இருந்திருந்தால் பையன் இன்னும் கொஞ்சம் தலையைச் சொறிந்திருப்பான், அவ்வளவுதான்.

வியாழன்

ரயிலில் ஆர்எஸ்ஏ என்னும் மறையீட்டு முறை. கம்போங் பத்துவில் பேனாவை எடுத்தாள். பகா எண்கள் 11, 13. பெருக்கினால் 143. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 120. வெளிச்சாவி 7; உள்சாவி 103, ஏனென்றால் 7ஐ 103ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் மீதி 1. செய்தி 9 என்று வைத்துக்கொண்டு ஏழு முறை பெருக்கி 143ஆல் வகுத்தால் மீதி 48. செந்தூல் வருவதற்குள் கணக்கு முடிந்தது. 48இலிருந்து 9க்குத் திரும்ப 103ஆம் அடுக்கு. அதைக் கையால் போடப் பொறுமை இல்லை, பைத்தான் போட்டது.

ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் இதை 1977இல் கண்டார்கள். பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973இலேயே கண்டிருந்தது 1997வரை வெளியே தெரியாது. இப்படி வெளிச்சாவி, உள்சாவி இரண்டையும் நம்பும் மின்னிலக்கக் கையொப்பத்துக்கு அதே 1997இல் மலேசியா சட்டம் இயற்றியது.

வெள்ளி

பட்டப்படிப்புப் பிள்ளைகளால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு, 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூர் பதில் சொல்லியிருக்கிறது. மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்தானா என்பதைப் பல்லுறுப்புக் கால அளவில் உறுதியாகச் சொல்லும் வழியைத் தந்தார்கள். மாணவர்கள் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். 2006இல் கோடல் பரிசு. ஆர்எஸ்ஏ அதனால் உடையவில்லை. பகா எண் என்று அறிவது வேறு, பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது வேறு.

சனி

அப்பாவுக்குச் செலாயாங் மொத்தச் சந்தையில் வேலை. விடியற்காலை வீடு திரும்பியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “இதப் படிச்சா என்னம்மா வேலை கெடைக்கும்?”

“நீங்க போன்ல காசு அனுப்புறீங்களேப்பா, அது நடுவுல யார் கையிலயும் சிக்காமப் போறதே இதாலதான்.”

அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம்.

மாலையில் செலாயாங் மருத்துவமனை வழியாகப் போனபோது வேறொரு கணக்கு ஓடியது. 1999இல் திறந்தபோது காகிதமில்லா மருத்துவமனை என்று பேசப்பட்ட இடம். ஒருவருடைய நோய்க் குறிப்பு அவர் ஆயுள் முழுக்க ரகசியமாக இருக்க வேண்டியது. குவாண்டம் கணினி வந்தால் பெரிய எண்களைப் பிரித்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். மறைத்த தரவை இன்றைக்குத் திருடிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்தக் கணினி வந்த பிறகு திறக்கலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13இல் குவாண்டம் கணினியைத் தாங்கும் மூன்று புதிய மறைகுறியியல் தரங்களை வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிறு

மலேசியாவில் ஒரு வகுப்பறைக்குள்ளேயே தமிழ், சீனம், மலாய் மூன்றும் இருக்கின்றன. வழக்கமான சீன எழுத்தின் முதல் பைட் 228 முதல் 233வரை மாறும். மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்துக்கு இரண்டே பைட். ரோமன் மலாய்க்கு ஒன்று. ஒரே பலவீனமான பூட்டு இந்த நான்கு எழுத்துமுறைகளிலும் நான்கு விதமாக விட்டுக்கொடுக்கும். அப்படியிருந்தும் பயிற்சித் தாளில் ஆங்கிலம் மட்டுமே இருப்பது சோம்பல். மறைகுறியியல் நடத்தும் விரிவுரையாளர்களே, அடுத்த செமஸ்டர் ஆய்வுக்கூடத் தாளில் உங்கள் மாணவர்கள் வீட்டில் எழுதும் மொழிகளிலிருந்து ஆளுக்கொரு வரி சேருங்கள்.