கெளவி புடிச்ச கோழி

யூனிக்ஸில் 'எட்' என்று ஒரு பழைய உரைத்திருத்தி உண்டு. எதைத் தப்பாகத் தட்டினாலும் அது சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒரு கேள்விக்குறி. அதை எழுதிய கென் தாம்சனை வைத்து ஒரு ஜோக் சொல்வார்கள். அவர் வடிவமைத்த காரில் வேகம் காட்டும் முள் கிடையாது, எண்ணெய் முள் கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் டேஷ்போர்டு நடுவில் பெரிய கேள்விக்குறி ஒன்று எரியும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கு என்ன கோளாறு என்று தன்னாலே தெரிந்துவிடுமாம்.

டெர்மினலில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சிரிப்பு. சாருக்கு அப்படியில்லை. சார் சுங்கை பட்டாணிக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொண்ணூறுகளில் நண்பர்களோடு ஒரு சிற்றிதழ் நடத்தி, எல்லாச் சிற்றிதழும் நின்றுபோகும் காரணத்தால் நிறுத்தியவர். அதன் கோப்புகள் மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. இன்றைய கணினியில் திறந்தால் ஒரே கிறுக்கல். அவற்றை மாற்றத்தான் ஒரு சின்ன கமாண்ட் லைன் புரோகிராம் எழுதினேன். மாற்றுவது ஒரு வாரத்து வேலை. மாற்ற முடியாததை எப்படிச் சொல்வது என்பதற்கு இரண்டு மாதம் ஆனது.

சிக்கல் என்னவென்றால், ஔகாரத்தின் வாலும் 'ள'வும் பார்க்க ஒன்றேபோல் இருக்கும். அன்றைக்குத் தட்டச்சு செய்தவர்கள் வித்தியாசம் பார்க்காமல் ளவையே தட்டிவிட்டார்கள். தாளில் அச்சாகும்போது யாருக்கு என்ன தெரியப்போகிறது? கணினிக்குத் தெரியும். 'கௌரி' என்று தேடினால் கொம்பு, க, ள என்று தட்டிய 'கெளரி' வராது. சரி, எல்லா 'ள'வையும் வாலாக மாற்றிவிடலாம் என்றால், கதை மாந்தர்கள் பேசும் 'வெளக்கு' என்னாவது? 'வெளவால்' வௌவாலாக வேண்டும், 'வெளக்கு' அப்படியே நிற்கவேண்டும். இணையத்தில் கிடைத்த மாற்றி ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தோம். அது ஒன்றுமே சொல்லாமல் எல்லா விளக்கையும் வௌவால் ஜாதியில் சேர்த்துவிட்டு, 'முடிந்தது' என்றது. சார் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் எத்தனை பக்கம் இப்படி ஆகியிருக்கும் என்று கேட்டார். அதைச் சொல்ல அந்தப் புரோகிராமுக்கு வாய் இல்லை.

வாய் இருந்தால் மட்டும் போதாது, எங்கே பேசுகிறது என்பதும் இருக்கிறது. 1970களில் பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. அதில் அச்சேறிய நீளமான தாளை நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்துக்குள் விட்டுச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும். ஒரு நாள் மதியம் பலருக்கும் ஒரே அனுபவம்: காத்திருந்து எடுத்த தாளில் அழகான எழுத்தில் ஒரே ஒரு வரி, இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று. போட்ட முணுமுணுப்பில் சில நாட்களிலேயே 'ஸ்டாண்டர்ட் எர்ரர்' பிறந்ததாம். அங்கே வேலை பார்த்த ஸ்டீபன் ஜான்சன் சொன்ன கதை இது. அன்றிலிருந்து ஒவ்வொரு புரோகிராமுக்கும் மூன்று வாசல்: 0 உள்ளே வர, 1 விளைவு வெளியேற, 2 புலம்ப. விளைவைக் கோப்புக்குத் திருப்பிவிட்டாலும் புலம்பல் திரையிலேயே நிற்கும். எங்கள் வேலையில் இது சாதாரண விஷயமில்லை. சாரின் சிறுகதை நடுவே 'எச்சரிக்கை: வரி 212' என்று ஒரு வரி விழுந்தால் அதுவும் தொகுப்பில் அச்சாகிவிடும். நவீனத்துவம் என்று நினைத்து யாராவது விமர்சனமும் எழுதிவிடுவார்கள்.

வேலை நல்லபடியாக முடிந்தால் புரோகிராம் 0 என்ற எண்ணைத் திருப்பித் தரும், மற்ற எண்ணெல்லாம் தோல்வி என்று சாரிடம் சொன்னேன். "முட்டை வாங்குனா பாசா? எங்க காலத்துல ரோத்தான்தான்" என்றார்.

எங்களுக்குள் சண்டை வந்தது வேறு இடத்தில். அட்டவணையிலேயே இல்லாத எழுத்து ஒன்று வந்தால் அது பிழை, புரோகிராம் நின்றுவிடவேண்டும், அரைகுறைக் கோப்பை எழுதக்கூடாது என்பது என் கட்சி. "ஒரு எழுத்துக்காக ஒரு கதையவே தரமாட்டேங்குதே, தம்பி" என்பது அவர் கட்சி. கடைசியில் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு மேலே போகட்டும், ஆனால் முடிவில் 0 தராது என்று ஒத்துக்கொண்டோம். எனக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தேகப்படும் ஒவ்வொரு 'ள'வுக்கும் ஒரு வரி என்றால் ஓர் இதழுக்கே நூற்றுக்கணக்கில் வரும். பத்தாவது வரியில் யாருக்கும் கண் நிற்காது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு விபத்துகள். 1986 மார்ச்சில் டெக்சஸின் டைலர் நகரில் திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற வரி மட்டுமே. 202 அலகு கேட்டதற்கு 6 அலகுதான் போயிருக்கிறது என்றும் திரை காட்டியது. அந்த இயந்திரம் அடிக்கடி இப்படி எதையாவது சொல்லி நிற்கும். 'பி' விசையைத் தட்டினால் தொடரும். இயக்குபவர் தட்டினார். உண்மையில் முதல் தடவையே உடம்பில் இறங்கியது மிக அதிகம். அந்த நோயாளி சில மாதங்களில் இறந்துபோனார். 54 என்றால் என்ன என்று கையேட்டில் விளக்கமில்லை.

எங்களுடையது உயிர் போகிற காரியமில்லை. ஆனால் 'பி' தட்டும் விரல் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் ஒரு சொற்பட்டியல் வைத்து, ஐயமில்லாததைப் புரோகிராமே தீர்த்துக்கொள்ளும்படி செய்தேன். பட்டியலில் இல்லாதது, அல்லது இரண்டு விதமாகவும் நிற்கக்கூடியது மட்டும் திரைக்கு வரும்: எந்த இதழ், எந்த வரி, முன்னும் பின்னும் நாலு சொல், நான் எதைத் தேர்ந்தேன், நீங்கள் என்ன செய்யலாம். 'செல்லாத உள்ளீடு' போன்ற தமிழை அறவே தூக்கிவிட்டேன். முதல் எச்சரிக்கையைப் பார்த்ததும் சார், "என்னப்பா, என்னை ஏசுதா?" என்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி மறுபடி படித்தார். "இல்ல, கேக்குது" என்றார்.

இப்போது எல்லா இதழ்களையும் சேர்த்து ஓட்டினால் ஒரே ஓர் எச்சரிக்கைதான் வருகிறது. தோட்டத்துக் கதை ஒன்றில் 'கெளவி புடிச்ச கோழி' என்று இருக்கிறது. கிழவி பிடித்த கோழியா? இல்லை, நாய் கௌவிப் பிடித்த கோழியா? அந்தக் கதையில் கிழவியும் உண்டு, நாயும் உண்டு. எழுதியவர் இறந்து பல வருடமாகிறது. கையெழுத்துப் பிரதி இல்லை. இந்த எச்சரிக்கையை வாயடைக்க ஒரு வழி வைத்திருக்கிறேன், ஒரு வரி சேர்த்தால் போதும். சார் வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த வரி வந்ததும் கதையின் அந்தப் பக்கத்தைத் திறந்து இன்னொரு தடவை படிக்கிறார். போன வாரம் நாய் பக்கம் சாய்ந்திருந்தார்.