மூன்று வளையங்கள்

பழைய அமெரிக்கக் கடிகாரங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று. அலமாரித் தட்டில் வைக்கிற மரப்பெட்டிக் கடிகாரங்கள். ஒன்றின் உச்சியில் மூலைமட்டமும் கவராயமும்: ஃப்ரீமேஸன்களின் சின்னம். இன்னொன்றில் பிணைந்த மூன்று வளையங்கள். 1819ல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி துவக்கிய ஆட்ஃபெலோஸ் சங்கத்தாருடையது. நட்பு, அன்பு, உண்மை என்று அர்த்தமாம். சுற்றிலும் இலைகள், சுருள்கள், மூச்சு முட்ட. 'வெறும் அலங்காரம்' என்று தள்ளிவிட்டேன். கவிதைகளை அப்படித் தள்ளிப் பழகிய கைதானே.

பிறகுதான் உளித்தடங்கள் கண்ணில் பட்டன. தொழிற்சாலைப் பெட்டிகள் பலவற்றில் செதுக்கல் கிடையாது; நீராவியில் இளக்கிய மரத்தில் அச்சை அழுத்தி எடுப்பார்கள். 1898ல் மணிலாவில் ஜெயித்த அட்மிரல் டூயியின் முகத்தைக்கூட இப்படி அழுத்தி விற்றிருக்கிறார்கள். இது வேறு. யாரோ தன் கையாலேயே குடைந்திருக்கிறான். மூன்றாவது வளையம் சற்றுக் கோணல்.

மேஸன்களின் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம். எட்டு கடவுளுக்கும் இடரிலிருக்கும் சகோதரனுக்கும், எட்டு தொழிலுக்கு, எட்டு இளைப்பாறவும் உறங்கவும். ஆட்ஃபெலோஸ்காரர்களின் கடமைகள் இன்னும் பச்சையானவை: நோயாளியைப் போய்ப் பார்ப்பது, துன்பப்படுகிறவனுக்கு உதவுவது, இறந்தவனைப் புதைப்பது, அநாதையைப் படிக்கவைப்பது. இதையெல்லாம் மணி பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டிருக்கிறான் அந்த மனிதன்.

என் எட்டு மணி நேரம் வங்கிக்கு. கணக்கு நேராகாத நாட்களில் பத்து. மிச்சத்தில் இலக்கியம். போன வருஷம் எங்கள் வட்டத்துக் கவிஞர் ஒருவர் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த இரண்டு மாதமும் நான் அவருடைய தொகுப்பைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். நேரில் போய்ப் பார்த்தால் நிதானம் கலைந்துவிடும், பிரதி போதும், ஆசிரியன் வேண்டாம் என்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். (பஸ்ஸில் இருபது நிமிஷம். சித்தாந்தம் இல்லாமலிருந்தாலும் போயிருப்பேனா என்பது வேறு விஷயம்.)

பாடையைத் தூக்கியவர்கள் அவருடைய டிப்போவின் யூனியன்காரர்கள். சட்டையில் சங்கச் சின்னம் குத்தியிருந்தார்கள். எங்கள் பக்கங்களில் அவர்களுக்குக் கோஷக்காரர்கள் என்று பெயர். ஆஸ்பத்திரியிலும் முறை வைத்து இரவில் கூடப் படுத்திருந்திருக்கிறார்கள்; அங்கேதான் தெரிந்தது.

நாங்கள் நான்கு பேர் பின்னால் நடந்தோம். வழியில் ஒருவர் அவர் கவிதைகளின் படிமம் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.